சிங்கப்பூரில் பாய்மரப் படகு: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

முதலில் 180 வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரை, தண்ணீரில் போட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து ஐந்தாவது வருடம். கல்யாண நாளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று, பாய்மரப் படகில் சூரிய அஸ்தமனம் பார்க்கலாம் என்ற விளம்பரத்தை நம்பி இரண்டு டிக்கெட் எடுத்தேன். தலைக்கு 90. படகில் பாய்மரம் இருந்தது. பாயும் இருந்தது, உறைக்குள் சுருட்டிக் கட்டியபடி. இரண்டு மணி நேரமும் டீசல் எஞ்சின்தான் ஓடியது. பாயை ஏற்ற மாட்டீர்களா என்று கேட்டேன். காற்று போதாது என்றார் படகோட்டி. அப்போது என் மனைவியின் துப்பட்டா பின்னால் இருந்தவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பத்துக்கு ஒரு மதிப்பெண், அதுவும் அவர்கள் கொடுத்த எலுமிச்சை ஜூஸுக்கு.

எனக்கு ஏன் இந்த ஆசை என்றால், நான் தூத்துக்குடிக்காரன். அம்மாவின் அண்ணன், பாய் விரித்து ஓடும் சரக்குத் தோணியில் தண்டலாக, அதாவது படகுத் தலைவராக, இருந்தவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போன ஆள். ஆனால் வீட்டில் எங்களை யாரும் தோணிப் பக்கம் விடவில்லை, படி படி என்று துரத்திவிட்டார்கள். படித்து, கணினி வேலைக்கு வந்து, சுற்றிலும் கடல் உள்ள ஊரில் பதினான்காவது மாடியில் குடியிருந்துகொண்டு, 39 வயதில் பாய் பிடிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று மாமாவிடம் போனில் சொன்னேன். "ஏலே, காசு குடுத்தா பாய் இழுக்கப் போற?" என்றார்.

ஆமாம், காசு கொடுத்துத்தான். கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் உள்ள ஒரு கடல் விளையாட்டு மையத்தில் இரண்டு வார இறுதி வகுப்பு. 300 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே ஆனது. நீச்சல் தெரிய வேண்டும், உடுத்திய துணியோடு 50 மீட்டர் நீந்திக் காட்டச் சொல்கிறார்கள். வேலை அனுமதியில் இருப்பவரா, நிரந்தரவாசியா என்பதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. என்னோடு கற்றவர்கள் ஒரு பிரெஞ்சுத் தம்பதி, இரண்டு சீன மாணவர்கள், ஒரு ஜப்பானியர். கற்றுத் தந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க மலாய்க்காரர். மலாயில் ஆசிரியரைச் 'சிக்கு' என்பார்கள். நான் கட்டிய கயிறு விழுந்திருந்த கோலத்தைப் பார்த்தால் தமிழிலும் அதுவே பொருத்தம்.

படகு பிகோ என்ற வகை. மூன்றரை மீட்டர் நீளம், பிளாஸ்டிக் உடல், இரண்டு பேர் உட்காரலாம். காலையில் ஒரு மணி நேரம் வெண்பலகை முன்னால். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதை நேரே எதிர்த்துப் படகு போகாது, இரண்டு பக்கமும் சுமார் 45 பாகை விலகி, வளைந்து வளைந்துதான் மேலேற வேண்டும் என்பதை அவர் ஒரு நீலப் பேனாவில் வரைந்து காட்டியது ஐந்து நிமிடம். அது எனக்கு உடம்பில் ஏறியது மூன்றாவது நாள். அதுவரை காற்றுக்கு நேராக மூக்கைத் திருப்பிப் படகை நிறுத்தி, பாய் படபடவென்று அடிக்க, பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது தலைகுனிய மறந்து பூம் எனப்படும் கிடைக்கம்பில் இரண்டு முறை மண்டையில் வாங்கினேன். படகைக் கவிழ்த்து நிமிர்த்தும் பயிற்சி தனி. கவிழ்ந்த படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் ஏறி நின்று, உடம்பைப் பின்னால் சாய்த்தால், பாய் தண்ணீரை விட்டு மெல்ல எழும். தண்ணீர் வெந்நீர் மாதிரிதான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. நான்கு முறை கவிழ்த்தோம், ஐந்தாவது முறை சொல்லாமலே கவிழ்ந்தது.

பாயைப் பிடித்து இழுக்கும் கயிற்றை அவர்கள் மெயின்ஷீட் என்றார்கள். வீட்டுக்கு வந்து மாமாவிடம் விளக்கினேன். "அதுக்குப் பேரு தாமான்லே" என்றார்.

இந்த வகுப்புக்குப் பத்துக்கு எட்டு கொடுப்பேன். நான் போனது பிப்ரவரியில் என்பதும் அந்த எட்டுக்கு ஒரு காரணம், அது தற்செயல். காற்றுக் கணக்கை வகுப்பு விளம்பரத்தில் யாரும் எழுதுவதில்லை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவம். முதல் பாதியில் மழை கொட்டும். ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும்தான் அருமை, வானம் வெளுத்துக் காற்று நிதானமாக வரும். மாமா கணக்கில் அது வாடை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தெற்கிலிருந்து வருவது சோழகம், மதியத்துக்கு மேல் நன்றாக இருக்கும். நடுவில் ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர், இந்த நான்கு மாதமும் காற்று செத்துக் கிடக்கும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 140 கிலோமீட்டர் கூட இல்லை, வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

இது தெரியாமல் ஏப்ரலில் போய்ப் படகு வாடகைக்கு எடுத்தேன். சான்றிதழ் காட்டினால் மணிக்கணக்கில் தருகிறார்கள். வகுப்பு நடத்திய இடம் இல்லை, வேறு ஒரு இடம், அதற்கும் பெயர் வேண்டாம். மணிக்கு 40 வெள்ளி. படகில் கயிற்றைக் கடித்துப் பிடிக்கும் கவ்வியின் பல் தேய்ந்து போயிருந்தது, அதனால் ஒரு மணி நேரமும் கையாலேயே பிடிக்க வேண்டியிருந்தது. படகின் பின்பக்கத் துளையை அடைக்கும் அடைப்பானுக்குப் பதில் துணியைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். இழுத்துத் தள்ளித் தண்ணீருக்குள் போனால் காற்றே இல்லை. கண்ணெதிரே நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பல்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாடகைக்கு எடுப்பவர்கள் பணம் கட்டும் முன்பே அந்த அடைப்பானையும் கயிற்றையும் சுக்கானையும் கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா என்று இங்கே ஒன்று உண்டு. சுமத்ரா தீவுப் பக்கமிருந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்னிருந்து நண்பகலுக்குள், கறுப்புச் சுவர் போல ஒரு மேக வரிசை வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் எதுவும் நடக்காதது போல் போய்விடும். ஜூலையில் ஒரு சனிக்கிழமை கரையில் எல்லாரும் படகில் பாயைக் கட்டிக்கொண்டிருக்க, சிக்கு மேற்கே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாயை இறக்கச் சொன்னார். நாங்கள் முணுமுணுத்தோம். இருபது நிமிடத்தில் கூடாரத்தின் ஆணி பிடுங்கிக்கொண்டு பறந்தது. மின்னல் எச்சரிக்கை வந்தாலும் அப்படித்தான், எல்லாரும் கரையேற வேண்டும், காசு திரும்ப வராது. அதை மட்டும் தயவுசெய்து குறை சொல்லாதீர்கள்.

சரி, சங்கங்கள். இங்கே அதற்குக் குறைவில்லை. 1826இல் தொடங்கிய ரிபப்ளிக் ஆஃப் சிங்கப்பூர் யாட் கிளப் மேற்குக் கரையில் இருக்கிறது. துவாஸில் ராஃபிள்ஸ் மெரினா. செந்தோசாவில் ஒன் டிகிரி 15, அந்த இடத்தின் அட்சரேகையையே பெயராக வைத்துக்கொண்டது. சாங்கி கிராமத்துக்குப் பக்கத்தில், உபின் தீவைப் பார்த்தபடி சாங்கி செய்லிங் கிளப். சில இடங்களில் வெளிநாட்டவருக்கென்று குறுகிய கால உறுப்பினர் திட்டமும் உண்டு. ஒரு சங்கத்தில் விசாரித்துப் பார்த்தேன். சேர்க்கைக் கட்டணம், மாதச் சந்தா, அதற்கு மேல் அவர்கள் உணவகத்திலேயே மாதம் இவ்வளவு சாப்பிட்டாக வேண்டும் என்று ஒரு கட்டாயம். என் வேலை அனுமதியோ இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பது. குழந்தைகளுக்கு நீச்சல் குளம், சாப்பாடு, கூட்டாளிகள் என்று மொத்தமாகப் பயன்படுத்துபவர்களுக்கு அது சரிப்படலாம். பாய் பிடிக்க மட்டும் என்றால் வேண்டாம்.

எனக்கு வழி திறந்தது அந்தப் பிரெஞ்சுக்காரர் மூலம். பந்தயம் விடும் பெரிய படகுகளுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை என்றார். வெளிநாட்டவர் ஊர் மாறிப் போய்க்கொண்டே இருப்பதால் இன்று இருக்கும் ஆள் அடுத்த மாதம் துபாயில் இருப்பான். சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் பெயரை எழுதி வையுங்கள், அல்லது பந்தய நாள் காலையில் கரையில் போய் நின்று ஆள் வேண்டுமா என்று கேளுங்கள், அவ்வளவுதான் என்றார். நான் இரண்டாவதைச் செய்தேன். முதல் படகின் தலைவர் கரையை விட்டதிலிருந்து திரும்பி வரும் வரை கத்திக்கொண்டே இருந்தார், என்னிடம் மட்டுமல்ல, காற்றிடமும். அந்தப் பக்கம் மறுபடி போகவில்லை. அடுத்த வாரம் ஓய்வுபெற்ற ஒரு சீனக் கப்பல் பொறியாளர், நாங்கள் எல்லாரும் அங்கிள் என்று கூப்பிடுபவர், என்னை மேலும் கீழும் பார்த்து எடை எவ்வளவு என்று கேட்டார். 84 கிலோ என்றேன். ஏறு என்றார்.

விஷயம் இதுதான். காற்று பலமாக இருந்தால் படகு ஒரு பக்கம் சாயும். அதைச் சமன் செய்யக் காற்று வரும் பக்கத்து விளிம்பில் நான்கைந்து பேர் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும். படகு திரும்பும்போது எல்லாரும் எழுந்து மறுபக்கம் ஓட வேண்டும். என் தொப்பைக்கு முதன்முதலாக ஒரு மரியாதை கிடைத்தது. மூன்று மாதம் அப்படி மூட்டையாக உட்கார்ந்த பிறகு முன்பாயின் கயிறு என் கைக்கு வந்தது. சாங்கிக்கும் உபினுக்கும் இடையில் நீரோட்டம் பலமாக ஓடும். காற்று குறைந்த நாளில் பாய் நிறைந்திருக்க, படகு பின்னால் போகும், கரையைப் பார்த்தால்தான் தெரியும். அங்கிள் அலை அட்டவணையைப் பார்க்காமல் படகை அவிழ்ப்பதே இல்லை.

இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. குளிர்பானமும் ஐஸும் பங்கு போட்டு வாங்குவோம். நான் முறுக்கு கொண்டு போகிறேன், உப்புத் தண்ணீர் பட்டாலும் சுவை கெடாத பலகாரம். வார இறுதியில் எவ்வளவு சம்பளம் தருகிறார்கள் என்று மாமா கேட்டார். முறுக்கு விஷயத்தைச் சொல்லவில்லை. பத்துக்கு ஒன்பதரை. அரை மதிப்பெண்ணைக் குறைத்தது காலை ஆறரை மணிக்கு வரச் சொல்வதற்காக.

ஒரு நிபந்தனை, வருகிறேன் என்று சொன்னால் வர வேண்டும். ஐந்து பேர் தேவைப்படும் படகில் நான்கு பேர் வந்தால் அன்றைய பந்தயம் போச்சு. அங்கிளுக்கு நன்றாக ஓட்டத் தெரிந்தவனை விட நேரத்துக்கு வருபவனைத்தான் பிடிக்கும். சொந்தமாக எஞ்சின் உள்ள படகை ஓட்ட வேண்டுமானால் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் எடுக்க வேண்டும். கூட்டத்தில் ஒருவராகப் போவதற்கு அது தேவையில்லை. இந்தோனேசியாவின் பத்தாம், பிந்தான் தீவுகள் வரை போகும் பயணத்துக்குக் கூப்பிட்டால் மட்டும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசா விவரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் தயங்க வேண்டியதில்லை. எங்கள் படகில் சுக்கான் பிடிப்பவரே ஒரு பெண். சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்குக்கும் போனது தனி ஆள் ஓட்டும் லேசர் ரேடியல் (இப்போதைய பெயர் இல்கா 6) படகில். அதே வகைப் படகு இங்கே கரையோரம் வரிசையாகக் கிடக்கும். பிள்ளைகளுக்கு ஆப்டிமிஸ்ட் என்று 2.3 மீட்டரில் தொட்டி மாதிரி ஒன்று இருக்கிறது, ஒரு பிள்ளை தனியாக ஓட்டலாம். என் மகளுக்கு ஒன்பது வயது. வரும் பிப்ரவரி வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம், ஏப்ரலில் இடம் இருக்கிறது என்று அவர்கள் சொன்னதை ஏற்கவில்லை.

கையுறை வாங்கிக்கொள்ளுங்கள், தோட்ட வேலைக்கு விற்கும் மலிவான ரப்பர் கையுறையே போதும். கண்ணாடி போடுபவர்கள் கழுத்துக் கயிறு மாட்டுங்கள், என் ஒரு ஜோடி உபின் பக்கம் கிடக்கிறது. தெம்பனீஸிலிருந்து 29ஆம் எண் பேருந்து நேராகச் சாங்கி கிராமத்தில் விடும். திரும்பும்போது அங்குள்ள உணவங்காடியில் நாசி லெமாக் (மலாய்த் தேங்காய்ப்பால் சோறு) வரிசை நீளமாக இருந்தாலும் நில்லுங்கள்.