டிடிஆர்3 ரேமா, டிடிஆர்3எல் ரேமா?

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் தங்கை மகளின் மடிக்கணினி 2014இல் வாங்கியது. இன்டெல் நான்காம் தலைமுறைச் செயலி, 4 ஜிபி ரேம். பாலக்காட்டுக் கடை ஒன்றில் 8 ஜிபி டிடிஆர்3 வகை ரேம் மலிவாகக் கிடைத்தது. பஸ் ஏறிக் கொண்டுவந்து பொருத்தினேன். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே நின்றது. "மாமா, இருந்ததும் போச்சா?" என்றாள்.

டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டு வகை மடிக்கணினி ரேமுக்கும் 204 பின்கள்தான்; நடுவிலுள்ள வெட்டும் ஒரே இடத்தில்தான். அதனால் பொருந்தாததும் சமர்த்தாக உள்ளே உட்கார்ந்துவிடும். வேறுபாடு மின்னழுத்தத்தில் இருக்கிறது: டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், எல் வகைக்கு 1.35. நான்காம் தலைமுறை மடிக்கணினிகள் 1.35 மட்டுமே கொடுக்கும். எல் வகையோ 1.5 வோல்ட்டிலும் ஓடும். அதனால் நான்காம் தலைமுறையைவிடப் பழைய டிடிஆர்3 கணினிகளிலும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

விலை சற்றுக் கூடினாலும் என் ஓட்டு எல்லுக்கே. சாதா டிடிஆர்3ஐ, மூன்றாம் தலைமுறையோ அதற்கு முந்தையதோ என்றால், வீட்டில் சும்மா கிடந்தால் பெரும்பாலும் போட்டுக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்க மாட்டேன்.

எல் வகை ரேமின் ஒட்டுச்சீட்டில் 'பிசி3எல்' (PC3L) என்று அச்சிட்டிருக்கும். அந்தப் பொடி 'எல்'லைத்தான் நான் பார்க்கத் தவறினேன். பழைய ரேமைத் திரும்பப் போட்டதும் திரை வந்தது. கடைக்கு மறுபடியும் ஒரு பஸ் டிக்கெட்.