கடலைப் புண்ணாக்குக்கு ஐரோப்பியச் சான்றிதழ்: தணிக்கையாளருக்கு நூறு, அலுவலகத்துக்கு முப்பத்தைந்து

செங்குன்றத்தில் உள்ள எங்கள் எண்ணெய் ஆலையிலிருந்து கடலைப் புண்ணாக்கு தீவனமாக ஐரோப்பாவுக்குப் போகிறது. அதற்காக ஜிஎம்பி பிளஸ் என்ற தீவனப் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுத்த நிறுவனம் எப்படி என்று இந்தத் தொழிலில் உள்ளவர்கள் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. குறைகளையும் எழுதப்போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை. கிண்டிப் பக்கம் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம் என்பது போதும்.

முதலில் ஒரு விஷயம். இந்தச் சான்றிதழை ஐரோப்பியச் சட்டம் கேட்கவில்லை, அங்கே வாங்குபவர்தான் கேட்கிறார். சட்டம் கேட்பது வேறு. தீவனச் சுகாதாரத்துக்கு 183/2005 விதிமுறை இருக்கிறது. நச்சுப் பொருள்களின் வரம்புகளை 2002/32 உத்தரவு சொல்கிறது. அதன்படி தீவன மூலப்பொருளில் அஃப்ளடாக்சின் பி1 என்ற பூஞ்சை நஞ்சு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. கறவை மாட்டுக்கான கலப்புத் தீவனம் என்றால் வெறும் 5. மாடு தின்ற நஞ்சு பாலில் அஃப்ளடாக்சின் எம்1 என்ற வடிவில் இறங்குகிறது. பாலில் நம் நாட்டு வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், அவர்களுடையது 0.05. இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று எங்கள் முதலாளி கேட்டார். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்ததற்குக் காரணம் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு என்று சொன்னேன். அஃப்ளடாக்சின் என்ற ஒன்று இருப்பதே அதற்குப் பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

இனி சேவைக்கு வருகிறேன். தணிக்கைக்கு வந்தவர் கோயம்புத்தூர்க்காரர். காபி கொண்டுவரச் சொன்னதும், "அப்புறம் குடிக்கலாம் மேடம், முதலில் மூட்டை பிடிக்கும் இடத்தைப் பார்க்கலாம்" என்றார். செக்கிலிருந்து விழுந்த புண்ணாக்கை மூட்டையில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்கள். தைத்த மூட்டை ஒன்றைப் பிரிக்கச் சொல்லி முழங்கை வரை உள்ளே விட்டார். வெளியே எடுத்த கை ஈரம் மின்னச் சிவந்திருந்தது. "உள்ளே வியர்க்கிறது. ஐப்பசி மழையில் இதுவே பூஞ்சைக்குச் சோறு." சூடு ஆறுமுன் தைக்கக் கூடாது என்று அங்கேயே எழுதிவிட்டார். ஆற வைக்க இடம் எங்கே இருக்கிறது என்று மேஸ்திரி முறைத்துக்கொண்டார். இடம் கிடைத்தது. பழைய சாக்குக் குவியலை அகற்றினால் போதுமாக இருந்தது.

சாம்பிள் எடுப்பதிலும் அதே கறார். அஃப்ளடாக்சின் எல்லா மூட்டையிலும் ஒரே அளவில் இருக்காது. நாலு சொத்தைக் கடலை ஒரு மூலையைக் கெடுத்துவிடும், மற்றது சுத்தமாக இருக்கும். வாசலோரம் கைக்கு எட்டும் மூட்டையில் குத்தி எடுத்த சாம்பிளை அவர் கையால் தொடவில்லை. அடுக்கின் நடுவிலும் அடியிலும் சுவரோரத்திலும் எடுத்து, கலந்து, பங்கு பிரித்து, ஒரு பங்கைச் சீல் வைத்து எடுத்துவைக்கச் சொன்னார்.

எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது லாரி விஷயத்தில்தான். வாசலில் காத்திருந்த ஓட்டுநரிடம் போய், "அண்ணே, இதற்கு முன்னால் என்ன ஏற்றினீர்கள்?" என்று சாதாரணமாகக் கேட்டார். "நாமக்கல்லுக்கு மீன்தூள் சார்." அவ்வளவுதான், அந்த லாரி திரும்பிப் போனது. மாட்டுப் பைத்திய நோய்க்குப் பிறகு, 999/2001 விதிமுறையிலிருந்து, அசைபோடும் கால்நடைகளின் தீவனத்தில் விலங்குப் புரதம் என்றாலே ஐரோப்பாவில் அலறுகிறார்கள். புண்ணாக்கு மாட்டுக்குத்தான் போகிறது. கழுவி, உலர்த்தி, அதற்கு ரசீதும் இருந்தால்தான் அந்த வண்டி உள்ளே வரலாம் என்றார். வாடகை பேசிய தரகர் எங்களைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

இப்போது முப்பத்தைந்து மதிப்பெண் கதை. கொடேஷனில் தணிக்கைக் கட்டணம் மட்டும் இருந்தது. பயணம், தங்குமிடம், ஜிஎம்பி பிளஸ் திட்டத்தின் வருடாந்திரக் கட்டணம், ஜிஎஸ்டி என்று பில் வந்தபோது முதலாளி என்னைத்தான் பார்த்தார். சான்றிதழில் ஆலையின் முகவரி தவறாக அச்சாகி வந்தது. திருத்தச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் வேறொருவர் போனை எடுத்து, கதையை முதலிலிருந்து கேட்டார். வாங்குபவரின் பேப்பரும் எங்கள் பேப்பரும் பொருந்தாமல் ஏற்றுமதி ஒன்று தள்ளிப்போனது. தணிக்கையாளரின் கறாரில் கால்வாசி அந்த மேசைகளில் இருந்திருக்கலாம்.

ஆலோசகர் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். நாங்கள் வைத்தவர் தந்த தடிமனான கையேட்டில் பால் பதப்படுத்தும் வெப்பநிலைக்கு ஒரு அத்தியாயமே இருந்தது. எந்தப் பால் பண்ணைக்கு எழுதியதோ! தணிக்கையாளர் அந்தப் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்திவிட்டு ஒன்றும் பேசவில்லை. ஆலையில் தினமும் நிற்கும் ஒருவர் உட்கார்ந்து எழுதினால் மெலிதாக இருக்கும், ஆனால் உங்கள் ஆலையைப் பற்றியதாக இருக்கும். நான் அப்படித்தான் மறுபடி எழுதினேன்.

சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டால் சரக்குத் தானாகப் போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. ஒவ்வொரு லாட்டுக்கும் ஆய்வக முடிவு இல்லாமல் நாங்கள் கன்டெய்னர் ஏற்றுவதில்லை. இந்திய நிலக்கடலை அஃப்ளடாக்சினுக்காகக் கூடுதல் கண்காணிப்பில் இருக்கிறது, 2019/1793 விதிமுறையைப் படித்துப் பாருங்கள். திண்டிவனம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வரும் கடலையில் மழை பட்டதா என்பதைச் சான்றிதழ் எப்படிச் சொல்லும்?

மூன்றாண்டுச் சான்றிதழ் இது, இடையில் ஆண்டுக்கு ஒரு கண்காணிப்புத் தணிக்கை உண்டு. புதுப்பிக்கும்போதும் இவர்களிடமே போவேன். அதே தணிக்கையாளரை அனுப்பச் சொல்லிக் கேட்பேன். எல்லாச் செலவும் அடங்கிய ஒரே தொகையை எழுத்தில் வாங்குவேன். முகவரியை நானே தட்டச்சு செய்து அனுப்பி, அச்சுக்குப் போகுமுன் நகலைக் காட்டச் சொல்வேன். நீங்களும் முன்பணம் கட்டுமுன் இவற்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள், கட்டிய பிறகு போனை எடுப்பவர் மாறிவிடுகிறார்.