முன்பள்ளி அறைக்குத் திறந்த யன்னலா, குளிரூட்டியா, வெளியேற்று விசிறியா? திருகோணமலையின் மாரியை முன்வைத்து ஓர் ஒப்பீடு

திருகோணமலையில் வடகீழ்ப் பருவக்காற்றின் மழை ஓயத் தொடங்கும் தை மாதத்தில், முன்பள்ளிகளின் கூரையோரச் சுவர்களிலும், விளையாட்டுப் பொருட்கள் அடுக்கிய அலுமாரியின் பின்புறத்திலும், சுருட்டி வைத்த பாய்களிலும் கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம் படர்ந்திருப்பதைக் காணலாம். அதைக் கண்டதும் பலருக்கு முதலில் தோன்றுவது, யன்னல்களை அடைத்துக் குளிரூட்டி பொருத்திவிடலாம் என்பதே. சுவரில் தெரியும் பூஞ்சணத்தைவிடக் காற்றில் மிதக்கும் அதன் வித்திகளே (பூஞ்சணம் பரவுவதற்கான நுண்ணிய விதை போன்ற துகள்கள்) குழந்தைகளுக்குக் கூடுதலாகக் கெடுதி செய்பவை என்பதால், இந்த முடிவை எடுப்பதற்கு முன் மாற்று வழிகளையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். வளர்ந்தவர் ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகையில், இரண்டு வயதுக் குழந்தை ஏறத்தாழ 25 முதல் 30 தடவை மூச்சு விடுகிறது. அத்துடன் அது பாயிலும் தரையிலும் கிடந்து, வித்திகள் படிந்து மீண்டும் கிளம்பும் உயரத்திலேயே நாளைக் கழிக்கிறது.

வெளிக்காற்றையே எடுத்துக்கொள்வோம். மாரி நாளொன்றில் வெளியே வெப்பநிலை 26 பாகை, சாரீரப்பதன் (அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் இப்போது உள்ள பங்கு) 88 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் காற்று குளிரூட்டப்படாத, 29 பாகை வெப்பமுள்ள அறைக்குள் நுழைந்து சூடேறும்போது அதன் சாரீரப்பதன் ஏறத்தாழ 74 சதவீதமாகக் குறையும். அதே காற்று 23 பாகைக்குக் குளிர்ந்துபோன சுவரைத் தொட்டால், பனிபடுநிலைக்கு, அதாவது நீராவி நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலைக்கு, கீழே போய் அதிலுள்ள நீராவி நீராக ஒடுங்கும். ஆகவே, நாள் முழுதும் குளிரூட்டியை ஓடவிட்டுப் பிள்ளைகள் போனபின் ‘காற்று வரட்டும்’ என்று யன்னலைத் திறக்கும் பழக்கம், நல்லெண்ணத்தோடு சுவருக்கு நீர் ஊற்றுவதற்கு ஒப்பானது. பூஞ்சணம் முளைக்க வெள்ளம் தேவையில்லை. சுவரின் மேற்பரப்பை ஒட்டிய காற்றில் சாரீரப்பதன் 80 சதவீதத்தைத் தாண்டி நீடித்தாலே போதும்.

குளிரூட்டியிலும் நன்மை உண்டு. அறையின் அளவுக்கு ஏற்ற இயந்திரம் இடைவிடாது ஓடினால் காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுக்கும். ஆனால் அறைக்கு மிஞ்சிய வலுவுள்ள இயந்திரம் சில நிமிடங்களில் குளிர்த்திவிட்டு நின்றுவிடுவதால், குளிர் வருமே ஒழிய ஈரம் போகாது. சுவரில் பொருத்தும் வழமையான குளிரூட்டி வெளிக்காற்றைக் கொண்டுவருவதே இல்லை. உள்ளிருக்கும் காற்றையே சுற்றிச்சுற்றி அனுப்புகிறது. வெளிக்காற்றில் ஏறத்தாழ மில்லியனில் 420 பங்காக உள்ள காபனீரொட்சைட்டு, இருபது பிள்ளைகள் உறங்கும் அடைத்த அறையில் 1000 பங்கைக் கடப்பதற்கு நெடுநேரம் ஆகாது. குளிரூட்டியின் கழுவப்படாத வடியும் (தூசியை வடிகட்டும் பகுதி), எப்போதும் நனைந்திருக்கும் நீர்த்தட்டும் தாமே பூஞ்சணம் வளரும் இடங்களாகிவிடும்.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வித்திகளை எண்ணிப் பார்த்தால் யன்னல் திறந்த அறையில்தான் மொத்த எண்ணிக்கை கூடுதலாக இருக்கக்கூடும். ஏனெனில் வெளிக்காற்றில் கிளடோஸ்போரியம் முதலிய பூஞ்சணங்களின் வித்திகள் இயல்பாகவே நிறைந்துள்ளன. அதை வைத்து அடைத்த அறையே தூயது என்று முடிவுகட்டுவது தவறு. வெளியே குறைவாகவும் உள்ளே மிகுதியாகவும் அஸ்பெர்ஜிலஸ், பெனிசிலியம் ஆகிய பூஞ்சணங்களின் வித்திகள் காணப்பட்டால், அறைக்குள்ளேயே எங்கோ ஈரமும் வளர்ச்சியும் இருக்கின்றன என்று பொருள். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டலும் ‘இத்தனை வித்திவரை பாதுகாப்பு’ என்று ஓர் எல்லையை வகுக்கவில்லை. ஈரத்தையும் பூஞ்சண வளர்ச்சியையும் தடுப்பதையே வலியுறுத்துகிறது.

திறந்த யன்னலுக்கு இவ்வூரில் இயற்கையின் துணை உண்டு. மாரியில் வடகிழக்கிலிருந்து வாடையும், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சானும் வீசுவதால், அவ்விரு திசைச் சுவர்களிலும் யன்னல்கள் எதிரெதிராக அமைந்த அறைக்கு ஆண்டின் பெரும்பகுதியில் வேறெதுவும் தேவைப்படாது. சாரல் அடிக்கும் வடகிழக்குப் பக்கத்தில் அகன்ற தாழ்வாரம் மட்டும் வேண்டும். நுளம்பு இதன் பெருங்குறை. 2017இல் கிண்ணியாவை உலுக்கிய டெங்குவை இம்மாவட்டம் மறந்திருக்காது. டெங்குவைப் பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது என்பதால் முன்பள்ளி நேரமே அதன் நேரமுமாகிறது. ஆகவே யன்னலுக்கு வலை கட்டாயம். வலை காற்றின் வேகத்தைக் கணிசமாகக் குறைக்கும் என்பதால் திறப்பின் பரப்பைக் கூட்ட வேண்டும்.

ஒரு பக்கம் மட்டுமே யன்னலுள்ள அறைகளுக்கு வெளியேற்று விசிறி, என் கணிப்பில், குளிரூட்டியைவிட எவ்வளவோ மேல். விலையும் மின்செலவும் குறைவு. பிள்ளைகளின் மூச்சிலிருந்து வரும் ஈரத்தையும் அது வெளியே தள்ளும். ஆனால் காற்று உள்ளே வரும் வழி விசிறிக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டும். கழிவறைப் பக்கமாகத் திறப்பு இருந்தால் அங்குள்ள காற்றையே அது உள்ளே இழுக்கும்.

காற்றைச் சுத்திகரிக்கும் கருவி வித்திகளைப் பிடிக்கும் என்பது உண்மை. அதிலுள்ள ஹெப்பா (HEPA) எனும் நுண்துகள் வடி 0.3 மைக்கிரோமீற்றர் துகள்களில் 99.97 சதவீதத்தைத் தடுக்கும், வித்திகளோ அதைவிடப் பெரியவை. எனினும் அது ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் தொடாது. ஆஸ்த்துமா உள்ள பிள்ளை இருக்கும் அறைக்குத் துணையாக வைக்கலாம். காற்றோட்டத்துக்கு மாற்றாக அல்ல.

எனவே புதிதாகக் கட்டுபவர்களுக்கு எதிரெதிர் யன்னலும் வலையும் கூரை விசிறியும், பழைய அடைந்த அறைகளுக்கு வெளியேற்று விசிறியும் என்பதே என் தெரிவு. குளிரூட்டி ஏற்கெனவே பொருத்தியிருந்தால் வெப்பநிலையை 26 பாகைக்குக் கீழே இறக்காமல், வடியை ஒழுங்காகக் கழுவி, சிறு வெளியேற்று விசிறியொன்றையும் சேர்த்து ஓடவிட வேண்டும். எந்த வழியைத் தெரிந்தாலும், ஒழுகும் கூரைத் தகட்டை மாரிக்கு முன் புரட்டாதியிலேயே மாற்றி, நனைந்த பாயையும் மெத்தையையும் 24 முதல் 48 மணிநேரத்துக்குள் உலர்த்தி, அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும்.