லைட் எரிகிறது என்பதை மட்டும் பார்த்து வண்டியை எடுத்து வராதீர்கள்

காரில் எக்ஸ்ட்ரா லைட், டேஷ்கேம், ஆம்ப்ளிஃபையர், ஹாரன் என்று எதை மாட்டக் கொடுத்தாலும், சாவியை வாங்கும் முன் ஒரு விஷயத்தைக் காட்டச் சொல்லுங்கள். பேட்டரியிலிருந்து கிளம்பும் புது வயரில் பியூஸ் எங்கே இருக்கிறது? வாயால் சொன்னால் போதாது. பானெட்டைத் திறந்து, விரல் வைத்துக் காட்ட வேண்டும். என் காரில் ஒரு அக்சஸரீஸ் கடை செய்து கொடுத்த வேலையைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். காசு போனது ஒரு பக்கம் இருக்கட்டும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டிக்குள் தீப்பிடிக்கும்படி ஒரு வேலையைச் செய்து, அதற்குப் பில்லும் போட்டுக் கொடுத்தார்கள்.

பில்லில் இருந்தவை இவை: 55 வாட் ஹாலோஜன் துணை விளக்கு ஒரு ஜோடி, ரிலேயுடன் (சுவிட்சிலிருந்து வரும் சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் கருவி) கூடிய ஹெவி டியூட்டி வயரிங், டேஷ்கேம் பொருத்தும் கூலி. டாஷ்போர்டில் புது சுவிட்ச் அழகாக உட்கார்ந்திருந்தது. லைட் பளிச்சென்று எரிந்தது. கேமரா பதிவு செய்தது. வெளியிலிருந்து பார்த்தால் குறை சொல்ல எதுவுமே இல்லை.

கொஞ்ச நாளில் லைட் அணைந்தது. கடைக்குக் கொண்டுபோனேன். டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, போயிருந்த நீலப் பியூஸை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகினார் கடைப் பையன். லைட் எரிந்தது. மறுபடியும் ஒரு மோசமான சாலையில் போகும்போது அணைந்தது. மறுபடியும் கடை. இந்த முறை கடைக்காரரே வந்தார். "பெரிய பியூஸாப் போட்டுட்டேன் சார், இனிமே போகவே போகாது" என்றார். நீலம் இருந்த இடத்தில் பச்சை வந்தது.

பிளேடு பியூஸ்களின் நிறத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. அதாவது 15 ஆம்பியர் தாங்காமல் போன இடத்தில், ஏன் போனது என்று ஒரு நிமிடம்கூடப் பார்க்காமல், இரண்டு மடங்கு மின்சாரம் போக வழி திறந்துவிட்டார். பியூஸ் என்ன காரியத்துக்காக இருக்கிறது என்று தெரிந்த எவரும் இதைச் செய்யமாட்டார்.

பியூஸ் லைட்டைக் காப்பாற்றத்தான் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது வயரை. வயர் சூடாகி உருகும் அளவுக்கு மின்சாரம் போவதற்குள் பியூஸ் அறுந்துவிட வேண்டும். அதனால் பியூஸ் அளவு என்பது வயரின் தடிமனைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். லைட்டுக்கு எவ்வளவு வேண்டுமோ அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும், வயர் தாங்குவதைவிடக் கண்டிப்பாகக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டு 55 வாட் பல்புக்கு மொத்தம் 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 9 ஆம்பியர். 15 ஆம்பியர் பியூஸ் இதற்குத் தாராளம். அது அறுந்தால், பேட்டரி மைனஸோடு இணைந்திருக்கும் கார் பாடியில் எங்கேயோ வயர் உரசுகிறது என்றுதான் அர்த்தம், பியூஸ் சின்னது என்று அர்த்தம் இல்லை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். 30 ஆம்பியர் பியூஸ் 30-ஐத் தாண்டியவுடன் பட்டென்று அறுந்துவிடாது. இந்த வகைப் பியூஸ்களுக்கான தரத்தின்படி, குறித்த அளவைவிட 35 சதவீதம் கூடுதலாகப் போனால் அது அறுவதற்குப் பத்து நிமிடம் வரைகூட ஆகலாம். அதாவது 40 ஆம்பியர், பத்து நிமிடம். எனக்குப் போட்டிருந்த வயரை மனதில் வைத்துப் பாருங்கள்: உள்ளே இருந்த கம்பி அரை சதுர மில்லிமீட்டர்தான் இருக்கும். நல்ல செம்பாகவே இருந்தாலும் அந்தத் தடிமனுக்கு மீட்டருக்குச் சுமார் 0.035 ஓம். 10 ஆம்பியரில் ஒரு மீட்டர் வயரில் உண்டாகும் வெப்பம் 3.5 வாட், அது பரவாயில்லை. 40 ஆம்பியரில் 56 வாட். மின்சாரம் நான்கு மடங்கு, சூடு பதினாறு மடங்கு. பியூஸ் அறுவதற்குள் வயரின் தோல் உருகிவிடும்.

எனக்கு நடந்தது அதையும் தாண்டிய ஒன்று. ஒரு நாள் இரவு ஓட்டிக்கொண்டிருக்கும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. ஓரம் கட்டுவதற்குள் டாஷ்போர்டின் கீழிருந்து புகை. சுவிட்சை அணைத்தேன், புகை நிற்கவில்லை. என்ஜினை அணைத்துச் சாவியை உருவினேன், அப்போதும் நிற்கவில்லை. எல்லோரையும் இறக்கிவிட்டு, டிக்கியில் இருந்த 10 நம்பர் ஸ்பானரை எடுத்து பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றிய பிறகுதான் அடங்கியது. சாவியை உருவிய பிறகும் ஒரு வயர் கருகிக்கொண்டே இருப்பதைப் பார்க்கும்போது வரும் பயம் சாதாரணமானது அல்ல.

மறுநாள் வேறொரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியை இழுத்துப் போனோம். வயதானவர், அதிகம் பேசாதவர். டாஷ்போர்டின் அடிப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். ரிலே என்று ஒன்று இல்லவே இல்லை. பில்லில் இருந்தது, வண்டியில் இல்லை. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து வயர் நேராக என்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டைத் துளைத்து உள்ளே வந்து, டாஷ்போர்டுக்கு அடியில் பியூஸ் ஹோல்டருக்குப் போய், அங்கிருந்து சுவிட்ச், பிறகு அதே ஓட்டை வழியாக வெளியே போய் லைட்டுக்கு. இரண்டு பல்பின் முழு மின்சாரமும் அந்தச் சின்ன சுவிட்ச் வழியாகவே போய் வந்திருக்கிறது. சுவிட்சின் பின்பக்கக் கால்கள் பழுப்பேறி, பிளாஸ்டிக் வளைந்துபோயிருந்தது.

அந்த ஓட்டையைக் கிட்டத்தில் பார்க்கச் சொன்னார். டிரில் போட்ட விளிம்பு அப்படியே பிசிறோடு இருந்தது. ரப்பர் வளையம் இல்லை, வயருக்கு ஸ்லீவ் இல்லை, கறுப்பு டேப் மட்டும் ஒரு சுற்று. என்ஜின் சூட்டில் டேப்பின் பசை இளகி, டேப் வழுக்கி ஒரு விரல்கடை கீழே இறங்கியிருந்தது. தகட்டின் விளிம்பு இரண்டு வயரின் தோலையும் அறுத்திருந்தது. லைட்டுக்குப் போகும் வயர் குலுங்கும்போதெல்லாம் தகட்டில் தொட்டிருக்கிறது, அதனால்தான் நீலப் பியூஸ் அடிக்கடி போனது. அன்று இரவு தொட்டது மற்றொன்று, பேட்டரியிலிருந்து பியூஸுக்கு வரும் வயர். அந்தப் பகுதிக்குக் காவலே கிடையாது. பியூஸ் அதற்குப் பிறகுதான் வருகிறது. அது பச்சையா நீலமா என்பதுகூட அங்கே பொருட்டில்லை.

12 வோல்ட்தானே, ஷாக்கூட அடிக்காது என்று சிலர் அலட்சியமாகச் சொல்வார்கள். ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் கார் பேட்டரி என்பது ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றுவதற்காக ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரும்படி செய்யப்பட்டது. பிளஸ் வயர் பாடியில் தொட்டால் நடுவில் பியூஸ் இல்லாத வரை அது கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் பியூஸ் பேட்டரி டெர்மினலுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். உள்ளே டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் பியூஸ், அதற்கு முன்னால் வரும் வயருக்கு எந்த விதத்திலும் உதவாது.

வயரை நகத்தால் கீறிக் காட்டினார் அந்தப் பெரியவர். மேலே செம்பு நிறம், கீறிய இடத்தில் வெள்ளி நிறம். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. அதே தடிமன் செம்பைவிட இதில் மின்தடை அதிகம், குலுக்கலில் சீக்கிரம் முறியும். தோல் மட்டும் தடிமன், அதனால் பார்வைக்கு ஹெவி டியூட்டி. எர்த் வயரை பெயின்ட் அடித்த இடத்திலேயே ஸ்குரூ வைத்து முறுக்கியிருந்தார்கள். அதன் பலன் வோல்ட் மீட்டரில் தெரிந்தது. பழுதான வயருக்குப் பதில் ஒரு துண்டு சேர்த்து, எரியவிட்டு அளந்தபோது பேட்டரியில் 13.9 வோல்ட், லைட்டின் காலில் 11.6. மீதி 2.3 வோல்ட் வழியிலேயே சூடாகக் கரைந்தது.

அதே கையோடு டேஷ்கேமையும் பார்த்துவிடுங்கள் என்றேன். பியூஸ் பாக்ஸில் ஏர்பேக்குக்கு உரிய பியூஸின் காலில் கேமரா வயரைச் சுற்றி, பியூஸை மேலே அழுத்தியிருந்தார்கள். சுற்றியது எந்தப் பக்கக் காலில் என்றும் பார்க்கவில்லை. மின்சாரம் உள்ளே வரும் பக்கத்தில் சுற்றினால் அந்த வயருக்குப் பியூஸ் பாதுகாப்பே கிடைக்காது. அவர்கள் சுற்றியது அந்தப் பக்கம்தான். வயர் கண்ணாடி ஓரத் தூணின் உறைக்குள், கர்ட்டன் ஏர்பேக்குக்கு (பக்கக் கண்ணாடியை மறைத்தபடி விரியும் பை) முன்னால் ஓடியது. விரியும்போது வழியில் நிற்கும். ஏர்பேக் சர்க்யூட்டில் யாரும் கை வைக்கக் கூடாது, அந்த கனெக்டர்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதே அதற்காகத்தான். இதைப் பார்த்தபோதுதான் எனக்குப் புகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

பில்லையும் போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு பழைய கடைக்குப் போனேன். "லைட் எரிஞ்சுதா இல்லையா சார்? எரிஞ்சா வேலை சரியாத்தானே இருக்கு" என்றார். ரிலே எங்கே என்றதற்கு, இந்த லைட்டுக்கு ரிலே தேவையில்லை என்றார். தேவையில்லாததற்கு ஏன் பில் என்று கேட்டதும், பையன் மறந்திருப்பான் என்றார். ரிலேவுக்கு உண்டானதை மட்டும் திருப்பித் தந்தார், உருகிய வயரிங்குக்குப் பொறுப்பு ஏற்கவில்லை. கார் சர்வீஸிலும் வெளியில் செய்த வேலையால் கெட்ட வயரிங்குக்கு வாரண்டி கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

புதிதாகச் செய்த வேலை எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் மைனஸ் டெர்மினலைக் கழற்றினார், கடைசியில்தான் மாட்டினார். பிளஸ்ஸில் ஸ்பானர் வைக்கும்போது அது பாடியில் இடித்தாலும் பொறி பறக்காமல் இருக்க இதுவே வழி. பேட்டரி பக்கத்திலேயே மூடி போட்ட ஹோல்டரில் 15 ஆம்பியர் பியூஸ். அங்கிருந்து இரண்டரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், என்ஜின் அறைச் சூடு தாங்கும் தோலுடன், வரிவரியான ஸ்லீவுக்குள். அது ரிலேயில் 30 என்று எண் போட்ட காலுக்குப் போகிறது, 87 என்று எண் போட்ட காலிலிருந்து லைட்டுக்கு. கேபினுக்குள் வருவது 85, 86 கால்களுக்கான மெல்லிய வயர் மட்டும். ரிலேக்குள் இருக்கும் கம்பிச் சுருள் இழுப்பது அரை ஆம்பியர்கூட இல்லை, சுவிட்ச் குளிர்ச்சியாகவே இருக்கிறது. அந்தச் சின்ன வயருக்கும் தனியாக 3 ஆம்பியர் பியூஸ். ஓட்டைக்கு விளிம்பை அரம் போட்டு ராவி, ரப்பர் வளையம். இணைப்புகள் லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் கொண்டி) வைத்து, அதற்கான பிளையரால் அழுத்தியவை. சால்டர் வைக்கலாமே என்று கேட்டேன். ஈயம் கம்பிக்குள் ஏறி விறைத்துப்போன இடத்தின் முடிவில், குலுக்கலில் வயர் முறியும் என்றார். எர்த் அடிக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, போல்ட்டும் நட்டும். கேமராவுக்கு, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒரு சாதாரண சர்க்யூட்டில், இரண்டு பியூஸ் செருகும் ஹோல்டர். வயர் ஏர்பேக்குக்குப் பின்னால். சாவி இல்லாதபோதும் கேமரா ஓட வேண்டும் என்பவர்கள், பேட்டரி வோல்ட் இறங்கினால் தானாக அணையும் கருவியோடு போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

கடையில் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று. லைட்டை எரியவிட்டு, பேட்டரி பக்கத்துப் பியூஸை அவர்களையே உருவச் சொல்லுங்கள். உருவியும் எரிந்தால் மின்சாரம் வேறு வழியில் வருகிறது. ரிலேவையும் அப்படியே உருவச் சொல்லுங்கள், அப்போதும் லைட் அணைய வேண்டும். அரை மணி நேரம் எரிந்த பிறகு என்ஜினை அணைத்துவிட்டு வயரையும் ஹோல்டரையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் வண்டியை எடுக்காதீர்கள். பில்லில் வயர் அளவும் பியூஸ் அளவும் எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கிற கடையில் வேலை கொடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே ஏதாவது மாட்டியிருப்பவர்கள் இன்றைக்கே பானெட்டைத் திறந்து பேட்டரி பிளஸ்ஸைப் பாருங்கள். கம்பெனி வயரோடு சேராத ஒரு வயர் அங்கிருந்து போகிறதென்றால் அதைக் கண்ணால் தொடர்ந்து போங்கள். ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் தென்படவில்லை என்றால், மைனஸைக் கழற்றி, அந்த வயரை பிளஸ்ஸிலிருந்து எடுத்து முனைக்கு டேப் சுற்றிவிட்டு, பிறகு மைனஸை மாட்டி வண்டியை ஓட்டுங்கள். எக்ஸ்ட்ரா லைட் இல்லாமல் சில நாள் ஓட்டலாம்.