டாங்கி நிரம்பிவிட்டது: பாம் ஷெல்டர் பட்டறையில் மூன்று வருடம்

பின்மூடியைக் கழற்றியதும் முதலில் கொட்டியது மரத்தூள்தான். மஞ்சளாக, பொடிசாக, இரண்டு கைப்பிடி இருக்கும். "இதுக்குள்ள ஒரு முக்காலியே இருக்கே" என்றார் பழுது பார்ப்பவர். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிஹியுமிடிஃபயரின் விசிறி மோட்டாரை மாற்ற 120 வெள்ளி கேட்டார். வருடக் கடைசி மலிவு விற்பனையில் அதே அளவு புதிய இயந்திரம் 219 வெள்ளி. யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்து நிற்கும்போதுதான் தம்பி ஒருவர் அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். "பிடிஓ புது வீட்டுச் சாவி கிடைச்சிருச்சு அண்ணே. நானும் பாம் ஷெல்டர்ல மரவேலைக்கு இடம் போடலாம்னு இருக்கேன். என்னென்ன வாங்கணும்?"

தம்பி, கேட்ட நேரம் சரியில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

இடத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. குண்டுத் தாக்குதலின்போது ஒதுங்க வீட்டுக்குள்ளேயே ஓர் அறை வேண்டும் என்று சிங்கப்பூரில் 1997-ல் சட்டம் வந்த பிறகு கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருக்கும் எவருக்கும் இந்த அறை தெரியும். ஜன்னல் கிடையாது. கான்கிரீட் சுவர், வெளிப்பக்கம் திறக்கும் இரும்புக் கதவு, ஒரு விளக்கு, ஒரு பிளக். முக்கால்வாசிப் பேர் வீட்டில் அரிசி மூட்டையும் பெட்டிகளும் கிறிஸ்துமஸ் மரமும் இருக்கும். என் செங்காங் வீட்டில் அது ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்கு ஒன்றே முக்கால். உள்ளே நின்று இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். சுவரில் இஷ்டத்துக்குத் துளை போடக் கூடாது, கதவைக் கழற்றக் கூடாது. ஆகவே பலகையைச் சுவரில் அறைந்து கருவிகளை அழகாக மாட்டி வைக்கும் கனவை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். போல்ட் இல்லாத இரும்பு ரேக் ஒன்று, மடக்கு மேசை ஒன்று, அவ்வளவுதான். மேசை தனியாக நின்றால் இழைக்கும்போது ஆடும். சுவரோடு நெருக்கிப் போட்டுவிட்டால் அசையாது. கான்கிரீட்டை எதிர்த்துத் தள்ளும் சுகம் தனி.

கருவிகளும் அதிகமில்லை. இழுத்து அறுக்கும் ஜப்பானிய ரம்பம், நான்கு உளி, மூலைமட்டம், கொட்டாப்புளி, 1000 நம்பர் தீட்டுக்கல், ஆறு கிளாம்ப், பேட்டரி டிரில் ஒன்று. வட்ட ரம்பம் வாங்கவில்லை. சத்தமான வேலை என்றால் வார நாளில் காலை 9-லிருந்து மாலை 5-க்குள் என்பது சீரமைப்பு வேலைக்கான விதி. அந்த நேரத்தில் நான் ஆபீசில் இருப்பேன். கீழ்வீட்டு ஆன்ட்டிக்கு என் கொட்டாப்புளியே பிடிக்காது. மேசைக் கால்களுக்கு ரப்பர் பாய் போட்ட பிறகும் பிடிக்கவில்லை. லிஃப்டில் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இழைப்புளியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சுங்கை ரோடு சந்தையை 2017 ஜூலையில் மூடினார்களே, அதற்குச் சில மாதங்கள் முன்பு ஒரு தாத்தாவிடம் பத்து வெள்ளிக்கு வாங்கியது. துருவைச் சுரண்டி, அடிப்பாகத்தைக் கண்ணாடிமேல் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்துச் சமன் செய்ய நான்கு வாரம் ஆயிற்று. அடிப்பக்கத்தில் மெழுகுவத்தியால் இரண்டு கோடு கிழித்துவிட்டால் பைன் மரத்தில் வழுக்கிக்கொண்டு போகும். சீவல் வெங்காயத்தோல் மாதிரி சுருண்டு விழும். விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும்.

அந்த இழைப்புளியின் பக்கவாட்டில் ஒரு நாள் காலை ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. பழுப்பு நிறத்தில், ஒவ்வொரு சுழியும் தெளிவாக, காவல்துறை எடுத்துத் தந்ததுபோல. வியர்வையின் உப்பு இரும்பில் இருந்துவிட்டால் நம் ஊர் ஈரத்தில் ஒரே இரவில் துரு பூத்துவிடும். என் விரலை வைத்துப் பார்த்தேன், ரேகை சின்னது. மகனைக் கூப்பிட்டேன். தொடவே இல்லை என்றான். விரலைக் காட்டச் சொன்னேன். காட்டவில்லை.

அதிலிருந்து தொடங்கியது என் ஈரப்பதப் பைத்தியம். அப்பாவிடம் கேட்டேன், நல்லெண்ணெய் தடவச் சொன்னார். தடவினேன். சில வாரத்தில் அது பிசுபிசுவென்று கோந்தாகி, அதன்மேல் மரத்தூளும் ஒட்டிக்கொண்டு, இழைப்புளி பொரித்த பலகாரம் மாதிரி ஆகிவிட்டது. காற்றுப்பட்டால் மெல்லக் கெட்டியாகும் எண்ணெய் அது, கருவிக்கு ஆகாது. தையல் மெஷின் எண்ணெய்தான் சரி. அதற்குப் பிறகு நாற்பது வெள்ளிக்கு ஒரு சின்ன ஈரம் உறிஞ்சி வாங்கினேன், கம்ப்ரெசர் இல்லாத ரகம். ஒரு நாள் முழுக்க ஓடி அரை டம்ளர் தண்ணீர் பிடித்தது. அது அலங்காரப் பொருள். யாரும் வாங்காதீர்கள்.

கடைசியில்தான் இந்தக் கம்ப்ரெசர் இயந்திரம். காலையில் 84 சதவீதம் காட்டும் ஈரப்பதமானியை 55-க்கு இறக்கிவிடும். ஈரப்பதம் 60-க்குக் கீழே இருந்தால் இரும்பு பிழைத்துக்கொள்ளும். உண்மையிலேயே இரண்டரை வருடமாக ஓர் உளியில்கூடத் துரு இல்லை. இந்தப் புகழ் அதற்குச் சேர வேண்டும்.

இனி கோபம். இரண்டு லிட்டர் டாங்கி ஒரு நாளைக்கு ஒருமுறை, மழை மாதத்தில் இருமுறை நிரம்பும். நிரம்பினால் பீப். இடைவெளி விட்டுப் பத்து பீப், பிறகு கொஞ்சம் மௌனம், திரும்பப் பத்து. நிறுத்த வழியில்லை. எப்படித்தான் கணக்குப் போடுமோ, பெரும்பாலும் அதிகாலை மூன்று மணிக்கு நிரம்பும். குண்டு விழுந்தால் தாங்குவதற்காகக் கட்டிய அறை, இந்த பீப்பைத் தாங்கவில்லை. காற்றுத் துளைகள் வழியாகப் படுக்கையறை வரை வரும். அந்தத் துளைகள் திறந்தே இருப்பதால் வீட்டுக் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. இயந்திரம் வீடு முழுவதையும் உலர்த்தப் பார்க்கிறது, பாவம். போதாததற்கு அறையைச் சூளையாக்கிவிடும். அதை ஓட விட்டுக்கொண்டு உள்ளே நின்று அரை மணி நேரம் இழைத்தால் சட்டை பிழியலாம். அந்த வியர்வைதான் கருவிமேல் சொட்டுகிறது என்பதைக் கவனிக்கவும்.

இதெல்லாம்கூடப் போகட்டும். என்னை நிஜமாகவே வெறுப்பேற்றியது ஓர் இழுப்பறை.

கூடத்தில் தொலைபேசி, சாவி வைக்கிற சின்ன மேசை. பைன் மரம். இழுப்பறையின் பக்கப்பலகை உயரம் 150 மில்லிமீட்டர். மேலே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஷெல்டருக்குள் வைத்து இழைத்து இழைத்து, ஒரு விரலால் தள்ளினால் மூடும்படி செய்திருந்தேன். பெருமை தாங்கவில்லை. கூடத்தில் வைத்து மூன்றே வாரம். திறக்கவில்லை. வீட்டுச் சாவி உள்ளே. மனைவி ஒன்றும் சொல்லாமல் காய் நறுக்கும் கத்தியை எடுத்து வந்து நீட்டினார்.

யோசித்தால் நியாயம்தான். காற்றில் 55 சதவீத ஈரம் இருந்தால் மரத்துக்குள் ஏறக்குறைய 10 சதவீத ஈரம் நிற்கும். கூடத்தில் 80 என்றால் மரத்துக்குள் 16 வரை ஏறும். அந்த ஆறு சதவீதத்துக்கு 150 மில்லிமீட்டர்ப் பைன் பலகை அகலவாக்கில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் உப்பும். நான் விட்டது ஒன்று. இரும்புக்கு நல்ல அறை மரத்துக்கு ஆகாத அறையாகிவிட்டது. வறண்ட இடத்தில் செய்து ஈரமான வீட்டில் வாழ வைக்கிறேன். இதை மூன்று வருடத்தில் எந்தக் கடைக்காரரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்வது அவர்கள் வேலையில்லைதான், ஆனாலும்.

ஆகவே இப்போது கருவி ஷெல்டரில், மரம் கூடத்தில் சோபாவுக்குப் பின்னால். வாங்கிய பலகையை இரண்டு வாரமாவது அங்கே கிடத்தி, வீட்டுக் காற்றுக்குப் பழகிய பிறகே தொடுவேன். நடைபாதையில் வைக்கலாமே என்று கேட்காதீர்கள், அது தீ விபத்தின்போது ஆள் ஓட வேண்டிய வழி. பழைய சரக்குப் பலகைகளை (பேலட்) பொறுக்கி வருபவர்களுக்கு ஒன்று: முத்திரையில் எச்டி (HT) என்றிருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். எம்பி (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி நஞ்சு அடித்தது, அங்கேயே விட்டுவிடுங்கள்.

சரி, எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் ஒன்றும் உண்டு: கதவு. துளை போட முடியாத வீட்டில், ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புத் தகடு. காந்தப் பட்டைகளை ஒட்ட வைத்து உளி, மூலைமட்டம், ரம்பம் எல்லாவற்றையும் அதிலேயே நிறுத்திவிட்டேன். கதவைத் திறந்தால் கடைவிரித்தது மாதிரி இருக்கும். விருந்தாளிகள் படம் எடுக்கிறார்கள். என்ன, மகன் கதவை ஒருமுறை அறைந்து சாத்தியதில் முக்கால் அங்குல உளி விழுந்து அவன் செருப்பில் குத்தி நின்றது. செருப்பில்தான். அன்றிலிருந்து உளிகள் ரேக்கின் மேல்தட்டில். உளி வேறு காந்தமேறி, தீட்டும்போது இரும்புத்தூள் மீசை வளர்க்கிறது.

ஆக, தம்பிக்கு என் தீர்ப்பு: வேண்டாம். டிசம்பரில் கேட்கிறாய், வெளியே மூன்று நாளாக மழை, இழுப்பறை மறுபடி இறுகிவிட்டது. பிப்ரவரியில், வருடத்திலேயே மழை குறைந்த மாதத்தில் கேட்டிருந்தால் நாளைக்கே ஆரம்பி என்றிருப்பேன். மீறிச் செய்வதென்றால் அறையை உலர்த்தாதே. கேமரா வைக்கும் உலர்பெட்டி ஒன்று வாங்கி, உளியையும் இழைப்புளியையும் அதற்குள் வைத்துப் பூட்டு. பீப் கிடையாது, சூடு கிடையாது, மகனின் விரலும் படாது. இயந்திரத்துக்குக் கொடுத்த காசில் இரண்டு பெட்டி வாங்கியிருக்கலாம்.

இவ்வளவும் தெரிந்தவன் பழுதுக்கு 120 வெள்ளி கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு எடுத்து வந்ததும் மனைவி அதைத் துணி காயப்போடும் இடத்துக்கு உருட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்று நாளாகக் காயாத பள்ளிச் சீருடைகள் இரவுக்குள் காய்ந்துவிட்டன. அது இனி ஷெல்டருக்குத் திரும்பாது என்று சொல்லிவிட்டார். டாங்கித் தண்ணீரை ஊற்றுவது மட்டும் என் வேலையாம்.