பால்கனிக்குப் புறா வலை போட்ட அனுபவம்

பெரம்பூரில் நான்காவது மாடி வீடு. இரண்டு ஆண்டுகளாக எங்கள் பால்கனி புறாக்களிடம்தான் இருந்தது. ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பின்னால் கூடு, துவைத்த துணியெல்லாம் எச்சம். அம்மாவுக்கு இளைப்பு உண்டு. காய்ந்த எச்சத்தின் தூசியை நினைத்தாலே எனக்குப் பயம். மின்னுவதைக் கண்டு புறாக்கள் மிரளட்டும் என்று பழைய குறுந்தகடுகளைக் கட்டித் தொங்கவிட்டேன். ஒரே வாரத்தில் பழகிவிட்டன.

வலை போட வந்த இரண்டு தம்பிகளை மனமாரப் பாராட்டுகிறேன். கூட்டில் முட்டைகளைப் பார்த்ததும், "குஞ்சு பறக்கட்டும் அக்கா, பிறகு வருகிறோம்" என்று திரும்பிப் போய்விட்டார்கள். பொரிய ஏறத்தாழ 18 நாள், பறக்க மேலும் ஒரு மாதம். காத்திருந்தோம். அடுத்த முறை வந்தபோது முகக்கவசம் அணிந்து, எச்சத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே சுரண்டினார்கள். சாணுக்கு ஒரு கொக்கி அடித்து, நைலான் வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டினார்கள். தொய்ந்த வலையில் பறவையின் கால் சிக்கிக்கொள்ளும் என்றார் மூத்தவர்.

ஒரு குறை: மேல் மூலையில் கையகல இடைவெளி விட்டிருந்தார்கள், மறுநாளே ஒரு புறா உள்ளே வந்துவிட்டது. தொலைபேசியில் சொன்னதும் அன்று மாலையே வந்து தைத்துக் கொடுத்தார்கள், கூடுதல் பணம் வாங்கவில்லை.