வலக்கண் வளையம்: ஒரு பைனாகுலருடன் ஏழு மான் பருவங்கள்

பழுதுபார்க்கப் போன பைனாகுலர் 11 வாரம் கழித்துத் திரும்பி வந்தது. அதே வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "இந்தப் பருவத்தில் மான் வேட்டை பழகப் போகிறேன். உரிமம் வாங்கிவிட்டேன், பாதுகாப்புப் பயிற்சியும் முடித்துவிட்டேன். நீங்கள் வைத்திருக்கும் பைனாகுலரையே நானும் வாங்கிவிடலாமா?" ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னுடையது 8×42. எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மி.மீ. எடை, அளவு போன்றவை எல்லா இடத்திலும் கிடைக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன். ஏழு வேட்டைப் பருவங்களாக மழையிலும் உறைபனியிலும் இது என் மார்பில்தான் கிடக்கிறது.

முதலில் இதன் அருமையைச் சொல்லிவிடுகிறேன். மான் அதிகம் நடமாடுவது விடியலுக்குச் சற்று முன்னும் அந்தி சாயும் நேரத்திலும்தான். அந்த அரையிருட்டில் வேலை செய்யாத கண்ணாடி நண்பகலில் எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை. 42-ஐ எட்டால் வகுத்தால் 5.25 மி.மீ. கண்ணுக்குள் வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. அதே 42 மி.மீ. கண்ணாடியில் பத்து மடங்கு வாங்கினால் 4.2-ஆகக் குறைந்துவிடும். இருட்டில் நம் கண்மணி விரிந்துகொடுக்கும்போது இந்த ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் நன்றாகவே தெரியும். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்காகும். அதனால் புதியவர்களுக்கு நான் எட்டையே சொல்வேன்.

இரண்டாம் பருவத்தில் ஒரு விடியலை மறக்கவே முடியாது. சூரியன் மானுக்குப் பின்னாலிருந்து எழுந்துகொண்டிருந்தது. 60 மீட்டர் தொலைவில் ஒரு பிணைமான் பக்கவாட்டில் நின்றது. காதின் மெல்லிய தோலை ஊடுருவி வந்த ஒளியில் உள்ளே ஓடிய இரத்த நாளங்கள் சிவப்பாகக் கிளைபிரிந்து தெரிந்தன. காதின் ஓரத்தில் ஓர் ஈ உட்கார்ந்தது, காது ஒரு முறை துடித்தது, ஈ எழுந்து பறந்தது. மூக்கின் ஈரம்கூட மின்னியது. அன்று துப்பாக்கியைத் தொடவே இல்லை. என் உரிமம் கொம்புள்ள ஆண்மானுக்கு மட்டும். ஆனாலும் அந்தக் காலை எனக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது தலைப்பில் சொன்ன வளையத்துக்கு வருகிறேன்.

பைனாகுலரில் நடுவில் இருக்கும் சக்கரம் இரண்டு கண்களுக்கும் சேர்த்துத் தெளிவைக் கொண்டுவரும். ஆனால் பலருக்கு இரண்டு கண்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அந்த வேறுபாட்டைச் சரிக்கட்ட வலக்கண் பக்கத்தில் ஒரு சிறு வளையம் இருக்கும். வலப்பக்க முன்கண்ணாடியை மூடிக்கொண்டு, தொலைவில் உள்ள ஒரு மரப்பட்டையை இடக்கண்ணால் பார்த்து நடுச்சக்கரத்தால் தெளிவாக்க வேண்டும். பிறகு இடப்பக்கத்தை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வளையத்தை மட்டும் திருப்பி வலக்கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். ஒரு முறை செய்துவிட்டால் கண் மாறும்வரை அதைத் தொடத் தேவையில்லை. புதிதாக வாங்குபவர்களில் பலர் இதைச் செய்வதே இல்லை. பிறகு தலைவலிக்கிறது என்று பைனாகுலரைக் குறை சொல்கிறார்கள்.

என்னுடைய பைனாகுலரில் அந்த வளையத்துக்குப் பூட்டு கிடையாது. மார்புப் பையிலிருந்து வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் பையின் விளிம்பு வளையத்தில் உரசும். ஒரு மயிரிழை நகரும். அடுத்த முறை இன்னொரு மயிரிழை. நான்கைந்து முறை எடுத்து வைத்ததும் வலக்கண் மங்கிவிடும். இதில் மோசமானது என்னவென்றால், மங்கியது வலக்கண்தான் என்பது உடனே தெரியாது. படம் ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். கை தானாக நடுச்சக்கரத்துக்குப் போகும். வலக்கண் தெளிந்தால் இடக்கண் மங்கும், இடக்கண் தெளிந்தால் வலக்கண் மங்கும். முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே இருப்போம்.

மூன்றாம் பருவத்தில் இப்படித்தான் ஒரு மானை இழந்தேன். அடர்ந்த புதர் ஓரத்தில், ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் அப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஏறக்குறைய 80 மீட்டரில் ஒரு மான் வந்து நின்றது. தலைக்குப் பின்னால் இலையுதிர்ந்த குச்சிகள். அவை கொம்பா, குச்சியா என்று பார்த்தாக வேண்டும். கண்ணாடியை உயர்த்தினேன். தலைக்குமேல் எல்லாமே கலங்கித் தெரிந்தது. சக்கரத்தை உருட்டினேன். தெளிவு வந்து வந்து போனது. உருட்டும்போது முழங்கை அசைந்திருக்க வேண்டும். மான் தலையைத் தூக்கி என்னையே பார்த்தது. முன்காலைத் தரையில் ஒரு முறை அறைந்தது. வாலை நிமிர்த்திக்கொண்டு இரண்டே தாவலில் மறைந்தது. வளையத்தைப் பார்த்தேன். நான் இட்டிருந்த குறியிலிருந்து கால்வாசிச் சுற்று நகர்ந்திருந்தது.

துப்பாக்கியில்தான் குறிபார்க்கும் சிறு தொலைநோக்கியான குறிநோக்கி இருக்கிறதே, அதன் வழியாகப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கூடாது. குறிநோக்கி துப்பாக்கியின் மேல் இருக்கிறது. அதன் வழியாக எதைப் பார்த்தாலும் குழல் அதை நோக்கித்தான் இருக்கும். என்னவென்று தெரியாத ஒன்றை நோக்கிக் குழலைத் திருப்பக் கூடாது என்பது வேட்டையின் அடிப்படை விதி.

அந்த விதியை எனக்குப் புரியவைத்ததும் இதே பைனாகுலர்தான். என் முதல் பருவம். புதருக்குள் பழுப்பாக ஓர் உருவம் தாழ்ந்து அசைந்தது. மானின் முதுகு என்றே மனம் முடிவு செய்துவிட்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது. கண்ணாடியில் பார்த்தேன். முதலில் ஒரு முழங்கால் தெரிந்தது. அடுத்து ஒரு கை. பழுப்பு மேற்சட்டை அணிந்த ஒருவர் குனிந்து காலணியின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். துப்பாக்கி என் மடியில் கிடந்தது. அதற்குப் பிறகு நெடுநேரம் என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. புதியவருக்கு மனம் தான் பார்க்க விரும்புவதையே காட்டும். கண்ணாடி உள்ளதைக் காட்டும். துப்பாக்கிக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கைக் குறைத்தாவது நல்ல பைனாகுலர் வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆரஞ்சு மேலங்கியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மானுக்கு அது தெரிந்துவிடும் என்று பயந்து அணியாமல் போகிறவர்கள் உண்டு. மானின் கண்ணுக்குச் சிவப்பு, ஆரஞ்சு நிறங்கள் பிரிந்து தெரிவதில்லை. நீலம்தான் பளிச்சென்று தெரியும். வெண்மைகூட்டும் சலவைத்தூளில் துவைத்த துணியும் அதன் கண்ணில் படும், ஏனெனில் புற ஊதா ஒளியையும் அது ஓரளவு உணர்கிறது. ஆரஞ்சு மற்ற வேட்டைக்காரர்களின் கண்ணுக்கு. அதைக் கழற்ற வேண்டாம். மானிடம் நம்மைக் காட்டிக்கொடுப்பது அசைவும் வாடையும்தான். காற்று உங்கள் பிடரியில் பட்டு மான் வரும் திசைக்குப் போகிறது என்றால் அங்கே உட்கார்ந்து பயனில்லை, இடத்தை மாற்றுங்கள். சரிவான நிலத்தில் வெயில் ஏறிய பிறகு காற்று மேல்நோக்கி எழும், மாலையில் குளிர்ந்து கீழே இறங்கும். இதை ஒட்டித்தான் பரணின் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பரணில் ஏறினால் தோள்வாரும் இடைவாரும் தொடைவாரும் சேர்ந்த பாதுகாப்புப் பட்டையைத் தரையிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியால் பார்ப்பதற்கும் பழக்கம் வேண்டும். புதியவர்கள் முழு மானைத் தேடுகிறார்கள். காட்டில் முழு மான் தெரிவது அரிது. மரங்கள் எல்லாம் செங்குத்தாக நிற்கும். அவற்றுக்கு நடுவே தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் ஒரு கிடைக்கோடு தெரிந்தால் அங்கே நிறுத்திப் பாருங்கள், அது முதுகாக இருக்கலாம். காதின் முனை, மூக்கின் கறுப்பு, வாலின் ஒரு துடிப்பு, இவற்றில் ஏதோ ஒன்றுதான் முதலில் அகப்படும். முதலில் வெறுங்கண்ணால் முழு இடத்தையும் பாருங்கள். பிறகு அருகிலிருந்து தொடங்கி, துண்டு துண்டாக, ஒவ்வொன்றிலும் சில நொடிகள் கண்ணாடியை அசையாமல் நிறுத்திப் பாருங்கள். வீசிப் பார்த்தால் எதுவும் தெரியாது. முழங்கைகளை முழங்காலில் ஊன்றுங்கள். தொப்பியின் விளிம்பையும் கண்ணாடியையும் சேர்த்து விரல்களால் பிடித்தால் நடுக்கம் குறைந்துவிடும்.

சுட்ட பிறகும் பைனாகுலர் கையில் இருக்க வேண்டும். மான் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழ்ப் பாதியில் இதயமும் நுரையீரலும் இருக்கின்றன. தோட்டா அங்கே பட்டாலும் மான் ஓடும். எந்த மரத்துக்கு அருகில் கடைசியாகப் பார்த்தோம் என்பதைக் கண்ணாடியில் பிடித்து வைத்துக்கொண்டால் இரத்தத் தடத்தை அங்கிருந்து தேடலாம். உடனே ஓடாதீர்கள், அரைமணி நேரம் காத்திருங்கள். இளஞ்சிவப்பாக நுரைத்த இரத்தம் என்றால் நுரையீரல், மான் அருகிலேயே விழுந்திருக்கும். பச்சை கலந்து நாற்றமடித்தால் வயிற்றில் பட்டிருக்கிறது. அப்போது பல மணி நேரம் விட்டுத்தான் போக வேண்டும். அவசரப்பட்டால் மான் வலியோடு இன்னும் தொலைவுக்கு ஓடும். அப்படி ஒரு மானைத் தவறவிடுவது பெரிய பாவம் என்றே நான் நினைக்கிறேன்.

மீண்டும் அந்த வளையம். மூன்றாம் பருவத்துக்குப் பிறகு அதன்மேல் மின்காப்பு நாடாவைச் சுற்றினேன். வெயிலில் பசை இளகி வழிந்து விரலெல்லாம் பிசுபிசுத்தது. பிறகு பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒன்றரை செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, வளையத்தின்மேல் இறுக்கமாக மாட்டினேன். மூன்று பருவங்கள் அது காப்பாற்றியது. ஆனால் கண்ணை ஒட்டி நிற்கும் கண்குவளையை முழுவதும் மேலே திருப்ப முடியாமல் அது இடித்தது. பக்கவாட்டு வெளிச்சம் கண்ணில் விழுந்தது. இவ்வளவு தெளிவான கண்ணாடியைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஒரு சிறு பூட்டு வைக்கத் தெரியாதா என்று ஒவ்வொரு விடியலிலும் ஆத்திரம் வரும்.

போன பருவத்தின் முடிவில் டியூபும் தளர்ந்துவிட்டது. அதனால்தான் தயாரித்த நிறுவனத்துக்கே அனுப்பினேன். ஏழு ஆண்டுகள் கழித்தும் கட்டணம் கேட்காமல் சரிசெய்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உள்ளே ஈரம் நுழையவில்லையா என்று சோதித்து, உள்ளே ஆவி படியாமல் காக்கும் நைட்ரஜன் வாயுவையும் மீண்டும் நிரப்பியிருந்தார்கள். கூடவே ஒரு கடிதம்: வழக்கமான பயன்பாட்டில் வளையம் நகர்வதாகத் தெரியவில்லை, இருந்தாலும் இறுக்கியிருக்கிறோம். வழக்கமான பயன்பாடு என்று எதைச் சொல்கிறார்கள்? மேசைமேல் வைத்திருப்பதையா? பையிலிருந்து ஒரு காலைக்கு முப்பது முறை எடுத்து வைப்பதுதான் வேட்டைக்காரரின் வழக்கமான பயன்பாடு.

வளையம் இப்போது அசைவதில்லை. ஆனால் நடுச்சக்கரத்தின் மசகை மாற்றியிருப்பார்கள் போலிருக்கிறது. உறைபனி விழுந்த போன சனிக்கிழமை விடியலில் சக்கரம் கெட்டியாகிவிட்டது. ஒரு விரலால் உருட்டியதை இப்போது இரண்டு விரலால் அழுத்தித் திருப்ப வேண்டியிருக்கிறது. ஒன்றைச் சரிசெய்து இன்னொன்றைக் கெடுத்துவிட்டார்கள். ஆனாலும் அன்று கடைசியில் கொம்புள்ள ஓர் ஆண்மான் எனக்கு எதிரே கால் மணி நேரம் மேய்ந்தது. கொம்பின் ஒவ்வொரு கிளையையும் எண்ண முடிந்தது. அடிக்கொம்பில் மணிமணியான கரடுமுரடான புடைப்புகள்கூடத் தெரிந்தன. அதன் மூச்சு ஆவியாக எழுந்து கலைவதையும் பார்த்தேன். இப்படிக் காட்டும் கண்ணாடியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: இதை வாங்காதீர்கள். கண்ணாடியில் குறை இல்லை. ஆனால் புதியவருக்கு விடியலின் முதல் வெளிச்சத்தில் கொம்பா, குச்சியா, மனிதரா என்ற கேள்வி ஒன்றுதான் இருக்க வேண்டும். கருவி தன் பங்குக்கு இன்னொரு சந்தேகத்தைச் சேர்க்கக் கூடாது. இதைவிடச் சற்று மங்கலான கண்ணாடியாக இருந்தாலும் பரவாயில்லை, வளையத்துக்குப் பூட்டு இருப்பதாக வாங்குங்கள். மேலே இழுத்தால் திரும்பி, கீழே அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் வகை கிடைக்கிறது. கடையில் கையில் எடுத்ததும் தொலைவில் எதையும் பார்க்காதீர்கள். முதலில் பையில் பத்து முறை போட்டு எடுங்கள். பிறகு வளையம் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் என்னுடையதையே வைத்துக்கொள்கிறேன். வளையத்துக்கும் பைனாகுலரின் உடலுக்கும் நடுவே வெள்ளைப் பூச்சால் ஒரு சிறு கோடு இழுத்திருக்கிறேன். எடுக்கும்போதெல்லாம் கட்டைவிரல் முதலில் அந்தக் கோட்டைத்தான் தடவிப் பார்க்கிறது.